ஆற்றோரக் காட்டில் புகைக்காலம்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, அகத்தியர்மலைத் தொடர் நிற்கிறது. பொதிகை என்று தமிழர்கள் அறிந்த மலை இதுதான். இதன் சிகரமான அகத்தியர்கூடத்தின் உயரம் 1,868 மீட்டர். இத்தொடரின் கிழக்குச் சரிவில் தாமிரபரணி பிறக்கிறது. மேற்குச் சரிவில் நெய்யாறு, கரமனையாறு, வாமனபுரம் ஆறு ஆகிய மூன்றும் பிறந்து, அகலம் குறைந்த ஒரு நிலப்பரப்பைக் கடந்து அரபிக்கடலில் சேர்கின்றன. நெய்யாற்று அணையைச் சுற்றியுள்ள 128 சதுர கிலோமீட்டர் காடு 1958-இல் வனவிலங்குச் சரணாலயமானது. கரமனையாற்றின் மேற்பகுதியில், பேப்பாறை அணையை ஒட்டிய 53 சதுர கிலோமீட்டர் காடு 1983-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பொன்முடி மலைச்சாலையின் அடிவாரத்தில் உருண்டைக் கற்களுக்கிடையே ஓடும் கல்லாறு, வாமனபுரம் ஆற்றின் தலைப்பகுதி.

நகரத்திலிருந்து காலையில் கிளம்பினால் மாலையில் திரும்பிவிடக்கூடிய தொலைவில் இவை எல்லாம் உள்ளன. நெய்யாற்று நீர்த்தேக்கத்தில் படகுச் சவாரி, கோட்டூர் காப்புக்காட்டில் யானைகள் மறுவாழ்வு மையம், கல்லாற்றுக்கு மேலே மீன்முட்டி அருவி, போணக்காட்டிலிருந்து தொடங்கும் அகத்தியர்கூட மலையேற்றம் என்று வருகையாளர்களுக்கு இங்கே காரணங்கள் பல. மழை ஓய்ந்து, பாதைகள் காய்ந்து, அட்டைகள் குறைந்து, வானம் தெளிந்திருக்கும் சனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களையே பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கிறார்கள். வனத்துறை அனுமதிக்கும் அகத்தியர்கூட மலையேற்றக் காலமும் சனவரி நடுவில் தொடங்கி பிப்ரவரி இறுதிவரை நீள்வது வழக்கம். காட்டுத்தீக்கு ஏற்ற மாதங்களும் இவையே. பாதையைக் காயவைத்த அதே வெயில் சருகையும் காயவைத்திருக்கும்.

எரிவது எது?

கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் மரங்களின் உச்சியிலிருந்து உச்சிக்குத் தாவும் பெருந்தீ தென்னிந்தியாவில் அரிது. இங்கே பரவுவது பெரும்பாலும் தரைத்தீ. காய்ந்த சருகையும் புல்லையும் சிறு புதர்களையும் எரித்துக்கொண்டு அது நகரும். பல இடங்களில் தீநாக்கு ஓர் ஆள் உயரம்கூட இருக்காது. இந்தோனேசியாவின் சதுப்புக் காடுகளில் நிலத்தடிக் கரிமண்ணே மாதக்கணக்கில் கனன்று, 1997, 2013, 2015 ஆகிய ஆண்டுகளில் சிங்கப்பூரையும் மலேசியாவையும் புகையில் மூழ்கடித்தது. 2013 சூன் 21 அன்று சிங்கப்பூரின் மாசுக் குறியீடு 401-ஐத் தொட்டது. அந்த அளவுக்குக் கனலக்கூடிய கரிமண் அகத்தியர்மலையில் இல்லை. ஆகவே இங்கே புகைக்காலம் என்பது தொடர்ந்து வாரக்கணக்கில் நீளும் ஒற்றைப் பெரும்புகை அல்ல. ஒரு பள்ளத்தாக்கில் இரண்டு நாள், அடுத்த பள்ளத்தாக்கில் ஓர் இரவு என்று விட்டுவிட்டு வந்துபோகும் புகை. எளிதில் கவனத்தில் படாமல் போவதற்கும் அதுவே காரணம்.

காடு முழுவதும் ஒரேபோல் எரிவதும் இல்லை. மேல்சரிவுகளின் பசுமைமாறாக் காட்டில் தரை ஆண்டு முழுவதும் ஈரமாகவே இருப்பதால் தீ உள்ளே நுழையத் தடுமாறும். இலையுதிர் காடு பிப்ரவரியில் மொட்டையாக நிற்கும். வெயில் நேராகத் தரையில் விழுந்து சருகை உலர்த்தும். மலைமுகடுகளின் புல்வெளிகளில் எலுமிச்சைப்புல் இனத்தைச் சேர்ந்த மணப்புற்கள் நிறைந்திருக்கும். அவற்றில் உள்ள எண்ணெய் தீயைச் சட்டென்று பற்றவைக்கும். காட்டின் விளிம்பில், பாலோடு, விதுரா, ஆரியநாடு பக்கங்களில், மனிதர் நட்ட மரங்கள் இன்னொரு வகை எரிபொருளைத் தருகின்றன. ரப்பர் மரம் டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் இலையை முழுவதுமாக உதிர்க்கிறது. அக்கேசியாவின் தடித்த இலைகள் எளிதில் மக்காமல் அடுக்கடுக்காகக் குவிகின்றன. தோட்டத்தைச் சுத்தம் செய்ய மூட்டிய தீ, வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் போய்விடுவது பழைய கதை.

மின்னலால் தீப்பிடிப்பது இப்பகுதியில் மிக அரிது. இடியும் மின்னலும் வரும்போது பெரும்பாலும் மழையும் கூடவே வந்துவிடுகிறது. வனத்துறை ஆவணங்களும் ஆய்வுகளும் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: இங்கே காட்டுத்தீ ஏறக்குறைய முழுவதும் மனிதர் கையிலிருந்தே தொடங்குகிறது. மேய்ச்சலுக்குப் புதுப்புல் வேண்டி வைக்கும் தீ, அணைக்காமல் எறிந்த பீடித்துண்டு, ஆற்றங்கரையில் சமைத்துவிட்டு விட்டுப்போன அடுப்பு என்று வழிகள் பல. காய்ந்த புல்லின்மேல் நிறுத்திய வாகனத்தின் சூடான புகைப்போக்கிகூடப் போதும். சரணாலயத்துக்குள் தீ வைப்பதையும், தீப்பரவக் காரணமாவதையும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அகத்தியர்கூடப் பாதையில் புகைபிடிக்கவும் அடுப்பு மூட்டவும் தடை இருப்பதற்குக் காரணம் இந்த மாதங்களின் வறட்சிதான்.

புகையின் உள்ளே

விறகும் சருகும் முழுமையாக எரிந்தால் சாம்பலைத் தவிர ஏறக்குறைய கரியமில வாயுவும் நீராவியும் மட்டுமே மிஞ்சும். காட்டில் அப்படி எதுவும் முழுமையாக எரிவதில்லை. தீநாக்கு எழும்பி எரியும்போது வெப்பம் அதிகம், புகை குறைவு. தீநாக்கு அடங்கிக் கனலும்போது வெப்பம் குறைவு, புகை அதிகம். ஒரே அளவு சருகிலிருந்து, கனலும் தீ வெளியிடும் நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் கொழுந்துவிட்டு எரியும் தீ வெளியிடுவதைவிடக் கூடுதல். ஆகவே தீ அணைந்துவிட்டது போலத் தோன்றும் இடத்தில்தான் புகை கெட்டியாக இருக்கும்.

அந்தப் புகையில் கரித்துகள், பிசின் போன்ற கரிமச் சேர்மங்கள், ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின், நைட்ரஜன் ஆக்சைடுகள் எல்லாம் கலந்திருக்கும். கண் எரிவதற்கும் தொண்டை கமறுவதற்கும் ஃபார்மால்டிஹைடும் அக்ரோலினும் முக்கியக் காரணம். தாவரச் செல்லுலோஸ் எரியும்போது உண்டாகும் லெவோகுளுகோசன் என்ற சர்க்கரைச் சேர்மமும் துகள்களோடு பயணம் செய்கிறது. காற்று மாதிரியில் இது அகப்பட்டால், அந்தத் துகள்களில் விறகோ சருகோ எரிந்த பங்கும் இருப்பதாக ஆய்வகம் முடிவுசெய்யும்.

உடலுக்கு மிகப்பெரிய கேடு நுண்துகளால் வருகிறது. 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான விட்டம் கொண்ட துகள்களை பிஎம் 2.5 என்று அளக்கிறார்கள். மனிதத் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரோமீட்டர். காட்டுப்புகைத் துகள்களில் பெரும்பகுதி ஒரு மைக்ரோமீட்டருக்கும் கீழே. சாலைத் தூசியை மூக்கின் மயிரும் சளியும் பெருமளவு தடுத்துவிடும். இந்தத் துகள்கள் அந்தத் தடைகளைக் கடந்து நுரையீரலின் காற்றுப்பைகள்வரை இறங்குகின்றன; அவற்றிலும் மிக நுண்ணியவை இரத்தத்தில் கலக்கின்றன. ஆஸ்துமா உள்ளவருக்குச் சில மணி நேரத்திலேயே மூச்சுக்குழல் இறுகும். இதய நோயாளிக்கு இரத்தக்குழாய்களில் அழற்சி கூடும். குழந்தைகள் தங்கள் எடைக்கு ஒப்பிடுகையில் பெரியவர்களைவிட அதிகக் காற்றை உள்ளிழுப்பதாலும், அவர்களின் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதாலும் அவர்களைப் புகை கூடுதலாகத் தாக்கும். கருவுற்ற பெண்களும் முதியவர்களும் இதே வரிசையில் வருகிறார்கள்.

இந்தியத் தரநிலை 24 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் பிஎம் 2.5-ஐ எல்லையாக வைத்திருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் தன் வழிகாட்டு எல்லையை 15 மைக்ரோகிராமுக்குக் குறைத்தது. இரண்டுக்கும் இடையே உள்ள இந்த நான்கு மடங்கு வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது. இந்தியக் குறியீட்டில் ‘திருப்திகரம்’ என்று காட்டும் நாளும் நோயுற்ற நுரையீரலுக்குப் போதிய காப்பு அல்ல.

பள்ளத்தாக்கில் இரவும் பகலும்

தீ எங்கே எரிகிறது என்பதைத்தான் வருகையாளர் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். ஆற்றோரத்தில் அதைவிட முக்கியமான கேள்வி, அது எந்த நேரம் என்பது. மூன்று கிலோமீட்டர் தள்ளி எரியும் தீயின் புகை நண்பகலில் தலைக்கு மேலே போய்விடலாம். பத்து கிலோமீட்டர் தள்ளிக் கனலும் தீயின் புகை விடியற்காலையில் காலடியிலேயே படுத்திருக்கலாம். இதை முடிவுசெய்வது பள்ளத்தாக்கின் வடிவமும் காற்றின் அன்றாட நடையும்.

வறண்ட மாதங்களில் இரவு வானம் மேகமின்றி இருக்கும். பகலில் மலைச்சரிவு வாங்கிய வெப்பம் தடையில்லாமல் விண்ணுக்குப் போய்விடும். சரிவை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, நீர் ஓடும் அதே வழியில் கீழே இறங்கும். ஓடைகள் ஆற்றில் சேர்வது போலவே ஒவ்வொரு மடிப்பிலிருந்தும் இறங்கும் குளிர்காற்று ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒன்றுசேரும். மேல்சரிவில் தீநாக்கு அடங்கிக் கனலும் நேரமும் இதுதான். இரவில் காற்றின் ஈரப்பதம் ஏறுவதால் தீ தணிந்து, புகை பெருகும். அதிகமாகப் புகையும் நேரமும் காற்று கீழ்நோக்கி இறங்கும் நேரமும் இப்படி ஒன்றாகிவிடுகின்றன. புகை ஆற்றோடு இறங்கி வருகிறது.

கீழே வந்த புகை அங்கேயே தங்குவதற்கு இன்னொரு காரணம் உண்டு. வழக்கமாக உயரம் கூடக் கூட வெப்பம் குறையும். இத்தகைய இரவுகளில் தரையை ஒட்டிய காற்று மேலே உள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. வானிலையாளர்கள் இதை வெப்பநிலைத் தலைகீழாக்கம் என்பார்கள். மேலே உள்ள வெதுவெதுப்பான காற்று, பானைமேல் வைத்த மூடியைப் போல, கீழே உள்ள புகையை எழும்ப விடாமல் அடைத்துவைக்கும். நெய்யாறு, பேப்பாறை நீர்த்தேக்கங்கள் மூன்று பக்கமும் குன்றுகள் சூழக் கிடப்பதால் அந்த அடைப்பு அங்கே இறுக்கமாக இருக்கும். பொன்முடியின் உச்சி சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நிற்பவருக்கு அதிகாலையில் தூய காற்றும், காலடியில் சாம்பல் நிறத்தில் நிரம்பிக் கிடக்கும் பள்ளத்தாக்கும் ஒருசேரக் கிடைக்கலாம்.

சூரியன் ஏறி, தரை சூடாகி, குளிர்ந்த படலம் கலையும்வரை இந்நிலை நீடிக்கும். சனவரி, பிப்ரவரியில் இதற்குக் காலை ஒன்பது மணி ஆகலாம், பத்தும் ஆகலாம். ஆழமான மடிப்புகளில் அதற்கும் மேலே. அடைப்பு நீங்கியதும் புகை மேலே எழும்பிப் பரவி, ஓரிரு மணி நேரத்தில் ஆற்றங்கரையில் காற்று தெளிந்துவிடும்.

பிற்பகலில் திசை முழுவதும் மாறுகிறது. நிலம் கடலைவிடச் சூடாவதால் முற்பகலில் கரையோரத்தில் தொடங்கும் கடற்காற்று, பிற்பகலில் மலையடிவாரத்தை எட்டுகிறது. சூடான சரிவுகளில் மேலேறும் காற்று அதை இழுத்துக்கொள்கிறது. காலையில் ஆற்றங்கரையில் கிடந்த புகை இப்போது மலைமுகடுகளை நோக்கி ஏறும். தீயும் அந்தக் காற்றோடு சரிவில் மேலேறும். அதிகாலையில் தெளிவாக இருந்த பொன்முடியும் போணக்காட்டின் மேல்பகுதிகளும் மூன்று மணிக்கு மங்கலாகிவிடுவது இதனால்தான்.

இந்த அன்றாட ஆட்டத்துக்கு மேலே பருவக்காற்றின் போக்கும் உண்டு. சனவரியில் மேல்மட்டக் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வீசுகிறது. தமிழ்நாட்டுப் பக்கமிருந்து மலையைத் தாண்டி இறங்கும் அந்தக் காற்று வறண்டிருக்கும். களக்காடு முண்டந்துறைப் பக்கத்தில் எரியும் தீயின் புகை திருவனந்தபுரத்துக் காட்டின்மேல் வருவதற்கு மாநில எல்லை தடையில்லை. புகை பற்றிய எச்சரிக்கைகளும் தீப் பற்றிய செய்திகளும் இரு மாநில வனத்துறைகளுக்கிடையே உடனுக்குடன் போய்வருவது அதனால்தான் அவசியம்.

மூடுபனியா, புகையா?

சனவரி விடியலில் நெய்யாற்று நீர்த்தேக்கத்தின்மேல் மூடுபனி எழுவதுண்டு. வெதுவெதுப்பான நீரின்மேல் குளிர்ந்த காற்று படியும்போது நீராவி திரண்டு வெண்மையாக மிதக்கும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அதுவும் புகையும் ஒன்றுபோலத் தெரியும். நெருங்கிப் பார்த்தால் வேறுபாடு நிறத்திலேயே இருக்கிறது.

மூடுபனியின் துளிகள் பத்து மைக்ரோமீட்டர் அளவிலானவை, சில இன்னும் பெரியவை. ஒளியின் அலைநீளத்தைவிட அவை பலமடங்கு பெரியவை என்பதால் எல்லா நிறங்களையும் ஒரே அளவில் சிதறடித்து, வெண்மையாகவே தோன்றும். புகைத்துகள் ஒளியின் அலைநீளத்துக்கு அருகில், அல்லது அதற்கும் கீழே. அது நீலத்தை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் சிதறடிக்கும். கரும்பச்சைக் காட்டைப் பின்புலமாக வைத்துப் பார்த்தால் புகை நீலச் சாம்பலாகத் தெரியும். அதே புகை, வெளிச்சமான வானத்துக்கு எதிரே பழுப்பாகத் தெரியும். அதன் ஊடே பார்க்கும் சூரியன் உயரமாக ஏறிய பிறகும் செம்மஞ்சளாகவே நிற்கும். மூடுபனி மூக்கில் ஈரத்தை மட்டும் விட்டுச்செல்லும். புகை நாக்கின் பின்புறத்தில் கசப்பை விடும். சட்டைக் காலரில் ஒட்டிய வாடை வீடு திரும்பிய பின்னும் போகாது.

இரண்டும் கலந்து வரும் காலைகள்தான் ஏமாற்றும். நீராவி திரள்வதற்குப் புகைத்துகள்கள் கருவாக அமைவதால், புகை கலந்த மூடுபனி கூடுதலாகத் திரண்டு, கலையவும் தாமதமாகிறது. வெண்மையாக இருப்பதாலேயே அதைப் பனி என்று நினைத்து அதில் நடைப்பயிற்சி செய்வது தவறு. வாடையை நம்புவது நல்லது. ஆனால் மூக்கும் சிறிது நேரத்தில் வாடைக்குப் பழகி உணர்வை இழந்துவிடும் என்பதால், வந்து இறங்கிய முதல் நிமிடத்தின் வாடையே சரியான சாட்சி.

அளவீடுகள் சொல்வதும் சொல்லாததும்

திருவனந்தபுரத்தில் காற்றைத் தொடர்ந்து அளக்கும் நிலையங்கள் பிளாமூடு, காரியவட்டம் ஆகிய இடங்களில் உள்ளன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் அவற்றின் அளவுகளைக் காணலாம். இரண்டுமே நகர எல்லைக்குள், கடலிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கின்றன. மலையடிவாரத்தின் விடியற்காலைப் புகை அவற்றை எட்டாமலே போகலாம், எட்டினாலும் மிகவும் நீர்த்துப்போயிருக்கும். நகரத்தின் எண்ணைப் பார்த்துவிட்டுக் கோட்டூருக்குக் கிளம்புவது போதாது.

இன்னொரு சிக்கல் சராசரியில் இருக்கிறது. இந்தியக் காற்றுத் தரக் குறியீடு நுண்துகளை 24 மணி நேரச் சராசரியாகக் கணக்கிடுகிறது. ஓரிடத்தில் விடியற்காலை மூன்று மணி நேரம் ஒரு கனமீட்டருக்கு 200 மைக்ரோகிராம் புகை இருந்து, மீதி 21 மணி நேரமும் 25 மைக்ரோகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூட்டி வகுத்தால் கிடைக்கும் சராசரி சுமார் 47. குறியீட்டில் அது ‘திருப்திகரம்’. அந்த மூன்று மணி நேரத்தில் ஆற்றோரம் ஓடியவரின் நுரையீரலுக்கோ அது முழு 200.

தீயைக் கண்டறியும் பணியை விண்கலங்கள் செய்கின்றன. டெர்ரா, அக்வா விண்கலங்களில் உள்ள மோடிஸ் கருவி தரையை ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. சுவோமி விண்கலத்தின் விர்ஸ் கருவி 375 மீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் 2004 முதல் மோடிஸ் தரவுகளையும், பின்னர் விர்ஸ் தரவுகளையும் பயன்படுத்தி, தீப்புள்ளிகளை மாநில வனத்துறைகளுக்கு அனுப்புகிறது. பதிவுசெய்துகொண்ட பொதுமக்களுக்கும் குறுஞ்செய்தி வரும். அந்த ஏற்பாட்டுக்கும் வரம்பு உண்டு. மரக்கூரைக்குக் கீழே ஊர்ந்து போகும் தரைத்தீயை விண்கலம் தவறவிடலாம். சுவோமி ஓர் இடத்தைக் கடப்பது பிற்பகல் ஒன்றரை மணியையும் அதிகாலை ஒன்றரை மணியையும் ஒட்டித்தான். மூன்று மணிக்குத் தொடங்கி மாலைக்குள் அணைந்த தீ அதன் பதிவில் இடம்பெறாமலே போகும். வரைபடத்தில் புள்ளி இல்லை என்பதைத் தீ இல்லை என்று படிக்கக் கூடாது. வனச் சரக அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு பல நேரம் இவை எல்லாவற்றையும்விடச் சரியான தகவலைத் தரும்.

போவதும் தங்குவதும்

ஒருவர் உள்ளிழுக்கும் புகையின் அளவு, காற்றில் உள்ள புகையை மட்டும் பொறுத்ததல்ல. ஓய்வாக உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறார். மலையேறுபவருக்கு அது 30, 40 லிட்டராக உயரும். ஒரு மணி நேர ஏற்றம் ஐந்து மணி நேர உட்காரலுக்குச் சமமான புகையை நுரையீரலுக்குள் கொண்டுபோகிறது. மூச்சு வாங்கும்போது வாயால் சுவாசிப்பதால் மூக்கின் வடிகட்டலும் கிடைப்பதில்லை. புகை லேசாக உள்ள நாளில் நெய்யாற்றில் விசைப்படகில் உட்கார்ந்து போவதற்கும் மீன்முட்டிக்கு ஏறிப்போவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

ஆற்றங்கரைக்குப் போக, புகைக்காலத்தில் பொருத்தமான நேரம் முற்பகல் பத்து, பதினொரு மணிக்குப் பிறகு, அடைப்பு கலைந்த பின்பு. உயரமான இடங்களுக்கு அதற்கு முன்பு, கடற்காற்று ஏறுவதற்குள். ஆற்றோரத்தில் கூடாரம் போட்டு இரவைக் கழிப்பது, புகை இறங்கும் வழியிலேயே படுத்து உறங்குவதாகும். மேலே எங்காவது கனல் இருக்கிறது என்று தெரிந்தால் அதைத் தவிர்க்க வேண்டும். வாகனத்தில் போகும்போது கண்ணாடிகளை ஏற்றி, குளிரூட்டியை உட்காற்றுச் சுழற்சியில் வைத்தால் துகள்கள் பெரிதும் குறையும்.

முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொள்வது பழைய வழக்கம். பெரிய சாம்பல் துணுக்குகளை அது தடுக்கும். நுண்துகளை ஏறக்குறைய தடுப்பதே இல்லை. என் 95 முகக்கவசம் வடிகட்டக் கடினமான 0.3 மைக்ரோமீட்டர் அளவுத் துகள்களிலும் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுக்கிறது. அதுவும் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தினால்தான். தாடி உள்ளவருக்கும் சிறு குழந்தைகளுக்கும் அந்தப் பொருத்தம் கிடைப்பதில்லை. கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்களை எந்த முகக்கவசத் துணியும் தடுக்காது. அந்த வாயு ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு சேர்கிறது. தீக்கு அருகில் தலைவலியும் குழப்பமும் தோன்றினால் கவசத்தை நம்பி நிற்காமல் அந்த இடத்தை விட்டு விலகியாக வேண்டும்.

குப்பை கலந்த புகை வேறொரு தீங்கு. 2023 மார்ச் 2 அன்று கொச்சி பிரம்மபுரத்துக் குப்பைக்கிடங்கில் பிடித்த தீ பத்து நாட்களுக்கும் மேலாகப் புகைந்து, பள்ளிகளை மூடவைத்து, நகரத்தையே முகக்கவசம் அணியவைத்தது. சருகோடு ஞெகிழிப் பைகளும் உணவுத் தட்டுகளும் எரிந்தால் டையாக்சின் போன்ற நச்சுகளும் சேரும். ஆற்றங்கரையில் சுற்றுலாப் பயணிகள் விட்டுப்போகும் குப்பை, தீ வரும் நாளில் அதே கரையின் காற்றில் ஏறும்.

புகையைத் தாண்டித் தீயே அருகில் வரும் ஆபத்து, புல்வெளிச் சரிவுகளில் அதிகம். சரிவு பத்து பாகை கூடும்போதெல்லாம் தீ மேலேறும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பாளர்களின் நடைமுறைக் கணக்கு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில், காய்ந்த புல் மூடிய செங்குத்துச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைத் தீ சூழ்ந்துகொண்டது. 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்குப் பிறகு தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மலையேற்றங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அகத்தியர்கூடப் பாதையிலும் நிழலற்ற புல்சரிவுகளைக் கடக்க வேண்டியிருக்கிறது. அங்கே புகை கண்ணில் பட்டால் மேலே ஏறி ஓடுவது தீயின் வழியிலேயே ஓடுவதாகும். ஆற்றுப்படுகை, பாறைவெளி, ஏற்கெனவே எரிந்து கருத்த நிலம், ஈரமான பசுமைமாறாக் காடு இவையே ஒதுங்க ஏற்றவை. வழிகாட்டியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, குழுவைப் பிரியாமல் நகர வேண்டும். வனத்துறை பாதையை மூடினால் அதை ஏமாற்றமாக எடுத்துக்கொள்ள நியாயமில்லை. மூடப்படும் ஒவ்வொரு பாதையும், தீயை அணைக்கப் போகும் ஆட்களின் கையைக் கொஞ்சம் விடுவிக்கிறது.

அந்த ஆட்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். கோடைக்கு முன்பே காட்டில் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டப்படுகின்றன. சருகையும் புல்லையும் நீக்கி, தேவையான இடத்தில் கட்டுப்படுத்தி எரித்து, தீ தாண்ட முடியாத வெற்றுப் பட்டையை உருவாக்குவார்கள். டிசம்பர், சனவரியில் சாலையோரம் தெரியும் சிறு புகை சில நேரம் இந்த வேலையினுடையது. தீப்பிடித்தால், தற்காலிகக் காவலர்கள் பச்சைக் கிளைகளை ஒடித்து, தீயின் விளிம்பை அடித்து அடித்து அணைக்கிறார்கள். அகத்தியர்மலையின் காணிக்காரர் பழங்குடிக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்களும் இவர்களில் உண்டு. இந்தச் சரிவுகளில் தீயணைப்பு வண்டி ஏறாது, குழாய் நீளாது. 2020 பிப்ரவரி 16 அன்று திருச்சூர் மாவட்டம் கொற்றம்பத்தூரில் இப்படித் தீயை அணைக்கப் போன வனக்காவலர்கள் மூவர் தீயில் சிக்கி இறந்தனர். வருகையாளர் சில மணி நேரம் சுவாசிக்கும் புகையை இவர்கள் பருவம் முழுவதும், பெரும்பாலும் வெறும் துண்டைக் கட்டிக்கொண்டு, சுவாசிக்கிறார்கள். இவர்களுக்குத் தரமான முகக்கவசமும் காலணியும் காப்பீடும் தருவது எந்தச் சுற்றுலா வசதியையும்விட முன்னே வரவேண்டிய செலவு.

காட்டுயிர்களும் நீரும்

தரைத்தீ வரும்போது யானையும் காட்டெருமையும் மிளாவும் விலகி நகர்ந்துவிடுகின்றன. பெரும்பாலும் நீர் இருக்கும் பக்கம். நீர்த்தேக்கக் கரையில் அந்நாட்களில் விலங்குகள் அதிகம் தென்படலாம். படகை அருகே செலுத்தினால் அவை திரும்பப் புகைக்குள் போக நேரும். நகர முடியாதவை ஊர்வன, தவளைகள், தரையில் முட்டையிடும் பறவைகள். கேரளத்தின் மாநிலப் பறவையான மலை இருவாச்சியின் நிலை தனி. சனவரி முதல் ஏப்ரல்வரை அதன் கூடுகட்டும் காலம். பெண்பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாயிலை அடைத்துக்கொண்டு, சிறு பிளவின் வழியே ஆண்பறவை ஊட்டும் பழத்தை நம்பி அடைகாக்கிறது. அடைப்புக்குள் அது தன் சிறகுகளையும் உதிர்க்கிறது. உயரமான மரத்தில் இருப்பதால் தரைத்தீ அதைத் தொடாமல் போகலாம். புகை எட்டும், அப்போது அதனால் பறந்து தப்ப முடியாது.

மார்ச் பிற்பகுதியில் தொடங்கும் கோடை இடிமழை புகைக்காலத்தை முடித்துவைக்கிறது. காற்றில் நாட்கணக்கில் மிதக்கும் நுண்துகளைக் கீழே கொண்டுவரும் திறமையான வழி மழைதான். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் தென்கேரளக் காட்டின் தரை சனவரியிலும் ஈரம் வைத்திருக்கும், புகைக்காலம் குறுகும். அந்த மழையும் பொய்த்து, கோடைமழையும் தள்ளிப்போகும் ஆண்டுகளில் அது நீளும்.

மழை காற்றைக் கழுவும்போது சாம்பல் ஆற்றுக்கு வருகிறது. எரிந்த சரிவில் வேரும் சருகும் இல்லாததால் மேல்மண் அரிக்கிறது. சில இடங்களில் எரிந்த சருகின் மெழுகுப் பொருள்கள் மண்ணில் படிந்து நீரை உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. நீர் மண்ணில் இறங்காமல் சரிவில் வழிந்து ஓடும். முதல் மழைக்குப் பின் கல்லாற்றில் நீர் கருத்துக் கலங்கி, எதிர்பாராத வேகத்தில் உயர்வதற்கு இதுவும் காரணமாகலாம். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மழை பெய்து வெள்ளம் இறங்கிவிடும் என்பதால், அந்நாட்களில் உருண்டைக் கற்களின்மேல் இறங்கிக் குளிப்பது ஆபத்து. சாம்பல் காரத்தன்மை கொண்டது. பொட்டாசியம், கால்சியம், பாஸ்பரஸ் சேர்மங்களை நீரில் கரைக்கிறது. தேங்கிய நீரில் பாஸ்பரஸ் கூடினால் பாசி பெருகும்.

இதன் கடைசிக் கணக்கு நகரத்தில் தீர்க்கப்படுகிறது. பேப்பாறையில் தேங்கும் கரமனையாற்று நீர் அருவிக்கரைக்கு வந்து, அங்கே சுத்திகரிக்கப்பட்டு, திருவனந்தபுரத்தின் குழாய்களுக்குப் போகிறது. மேல்சரிவில் எரிந்த காட்டின் மண்ணும் சாம்பலும் நீரில் கூடினால், அவற்றைப் படியவைக்கச் சேர்க்கும் படிகாரத்தின் அளவையும் வடிகட்டிகளைக் கழுவும் தடவைகளையும் கூட்ட வேண்டியிருக்கும்.